ஸ்மிதா பாட்டீல்: சிறு முதலில் எடுத்த படங்களின் பெருநடிகை

சினிமா நடிகை என்றவுடன் நம்மில் பலருடைய மனக்கண் முன் தோன்றும் சித்திரம் ஒன்று உண்டு. பளபளக்கும் ஆடை, பொன்னிறமாய்ப் பூசப்பட்ட முகம், பின்னால் ஐம்பது பேர் ஆட முன்னால் நின்று ஆடும் கால்கள், கோடிக் கணக்கில் பணம் போட்ட முதலாளி என்று அது விரியும். அந்தச் சித்திரம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும், பெருமுதலாளிகளின் கையை எதிர்பாராமல், சொற்பச் செலவில், சொல்ல விரும்பிய ஒரு பொருளைச் சொல்வதற்காகவே எடுக்கப்பட்ட படங்களும் நம் நாட்டில் உண்டு. கிடைத்த சிறு ஊதியத்தைப் பொருட்படுத்தாது அவற்றில் தம் உழைப்பின் சாரத்தைக் கொடுத்த நடிகையரும் உண்டு. அவர்களுள் முன் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஸ்மிதா பாட்டீல்.

மராட்டிய மண்ணில் பிறந்த ஒருவரைப் பற்றித் தமிழ்ச் சங்கத்தின் மாத இதழில் எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். பிழைப்பை நாடி இம்மண்ணுக்கு வந்து, இதன் தண்ணீரைக் குடித்து வாழ்கிறோம். இதன் சிறந்த மக்களை அறிந்துகொள்வது நமது கடமைகளுள் ஒன்று. அதனினும் முக்கியமான காரணம் வேறொன்று. ஊரை விட்டு வந்தவர்களின் துயரத்தையும், ஊரிலேயே விடப்பட்ட மனைவியரின் துயரத்தையும், வேலைக்குப் போக விரும்பும் குடும்பப் பெண்ணின் சங்கடத்தையும் இவரளவுக்கு நடித்துக் காட்டியவர் சிலரே. அவை நம்முடைய கதைகளும் அல்லவா?

பிறப்பும் வளர்ப்பும்

ஸ்மிதா 1955-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 17-ஆம் நாள் புனா நகரில் பிறந்தார். தந்தை சிவாஜிராவ் பாட்டீல் கான்தேஷ் பகுதியைச் சேர்ந்தவர். அரசியலில் ஈடுபட்டு மகாராஷ்டிர மாநில மந்திரியாகவும் இருந்தவர். தாயார் வித்யா தாயி செவிலியாகப் பணிபுரிந்தவர். சமூகத் தொண்டில் நாட்டமுடையவர். வீட்டில் செல்வச் செருக்கு இருக்கவில்லை. பொதுக்காரியப் பேச்சு இருந்தது. இளமையில் ஸ்மிதா ராஷ்டிர சேவா தளம் என்னும் தொண்டர் அமைப்பில் சேர்ந்து பாட்டிலும் கூத்திலும் பங்கு கொண்டார். பிற்காலத்தில் கிராமப் பெண்ணாக நடிக்க நேர்ந்தபோது, குடத்தை இடுப்பில் வைப்பதையும் குந்தி உட்கார்ந்து அடுப்பை ஊதுவதையும் யாரும் அவருக்குக் கற்பிக்க வேண்டியிராமற் போனதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

பம்பாயில் தொலைக்காட்சி நிலையம் 1972-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிற்று. சில காலத்துக்குள் அதில் மராத்தியில் செய்தி வாசிக்கும் வேலை ஸ்மிதாவுக்குக் கிடைத்தது. கல்லூரி மாணவியாகிய அவர் கால்சட்டையின் மேலேயே புடவையைச் சுற்றிக்கொண்டு போய்ச் செய்தி வாசிப்பார் என்று அக்காலத்தில் உடனிருந்தோர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அப்போது தொலைக்காட்சி கறுப்பு வெள்ளைதான். அந்தச் சிறு பெட்டிக்குள் தெரிந்த மாநிற முகமும் பெரிய கண்களும் பலரை நின்று பார்க்கச் செய்தன.

மாநிறம் என்றேனே, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிவந்த மேனியே அழகு என்று இந்திப் படவுலகம் தீர்மானித்திருந்த காலம் அது. நம் வீடுகளிலும் பெண் பார்க்க வருவோர் முதலில் விசாரிப்பது நிறத்தைத்தானே! ஸ்மிதா தம் நிறத்தை மாவு பூசி மறைக்காமலே படவுலகத்தில் நுழைந்தார். அந்த முகத்துடனேயே நாட்டின் தலைசிறந்த நடிகை என்ற விருதை இருமுறை பெற்றார். கறுத்த பெண்ணைப் பெற்ற தாய்மார் இதை மனத்தில் கொள்வது நலம்.

சிறுபடங்கள் பிறந்த வகை

பெருமுதலாளியின் உதவியின்றிப் படம் எடுப்பது எப்படி? 1960-ஆம் ஆண்டில் மத்திய அரசு திரைப்பட நிதிக் கழகம் ஒன்றை ஏற்படுத்தியது. அதன் கடனுதவி கொண்டு மிருணாள் சென் 1969-இல் 'புவன் ஷோம்' என்ற இந்திப் படத்தை எடுத்தார். குறைந்த செலவில் எடுத்த அந்தப் படம் வெற்றி பெறவே, இளைஞர் பலருக்குத் தைரியம் பிறந்தது. திரையரங்குகளில் காட்டும் விளம்பரப் படங்களை விநியோகித்து வந்த பிளேஸ் என்ற நிறுவனமும் முன்வந்து, சியாம் பெனகலின் முதற்படமாகிய 'அங்குர்' வெளிவரத் துணை செய்தது. அது 1974-ஆம் ஆண்டின் செய்தி.

இத்தகைய படங்களில் பிரம்மாண்டமான அரங்குகள் கிடையா. உண்மையான கிராமத்திலேயே போய்த் தங்குவார்கள். அங்குள்ள வீடே அரங்கு, அங்குள்ள மக்களே துணை நடிகர்கள். தலைமை நடிகைக்குத் தனி அறை கிடைப்பதும் அரிது. ஊதியமோ வர்த்தகப் படங்களில் கிடைப்பதில் சிறு பங்கு. ஆகவே அவற்றில் நடிக்க வந்தவர்களுக்குக் காசைத் தவிர வேறு ஓர் ஆசை இருந்தே தீர வேண்டும்.

புனா திரைப்படக் கல்லூரி மாணவர் அருண் கோப்கர் எடுத்த பயிற்சிப் படமொன்றில் 1974-இல் ஸ்மிதா முதன்முதலாக நடித்தார். பின்னர் பெனகல் அவரைக் கண்டு, சிறுவர்களுக்கான 'சரண்தாஸ் சோர்' என்ற படத்தில் இளவரசியாகவும், 'நிஷாந்த்' படத்தில் ஜமீன் குடும்பத்து மருமகளாகவும் நடிக்க வைத்தார். இவ்விரண்டும் 1975-இல் வெளியாயின.

இரண்டு ரூபாய் முதலாளிகள்

மறு ஆண்டு வந்தது 'மந்தன்'. கடைதல் என்பது பொருள். இதன் முதலாளிகள் யார் தெரியுமா? குஜராத்தின் பால் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த ஐந்து லட்சம் விவசாயிகள்! தலைக்கு இரண்டு ரூபாய் வீதம் கொடுத்தார்கள்; பத்து லட்சம் ரூபாய் சேர்ந்தது; படம் முடிந்தது. அது வெளியானபோது, தாங்கள் எடுத்த படத்தைப் பார்க்க விவசாயிகள் லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். இந்த யோசனைக்குத் துணை நின்றவர் பாற்புரட்சியின் தந்தை எனப் போற்றப்படும் வர்கீஸ் குரியன். சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர் என்ற முறையில் நமக்கும் அவரிடம் சிறிது உரிமை உண்டு.

படத்தின் தொடக்கம் ரயில்வே ஊழியனாகிய எனக்கு மிகவும் பிடித்தமானது. கிராமத்துக்கு வரும் கால்நடை மருத்துவர் ரயிலை விட்டு இறங்குகிறார். வரவேற்க ஒருவரும் இல்லை. பின்னால் ஓடி வந்தவர்கள் கூறும் சமாதானம், ரயில் அன்று சரியான நேரத்துக்கு வந்துவிட்டது என்பதுதான்! சிரித்துக்கொண்டே நாமும் அந்தக் கிராமத்துக்குள் நுழைந்து விடுகிறோம்.

இதில் ஸ்மிதா ஏற்றது பிந்து என்ற ஏழைப் பெண்ணின் பாத்திரம். எருமை மாட்டை நம்பிப் பிழைப்பவள். கணவன் விட்டுப் போனவள். வெளியூர் மருத்துவரை முதலில் சந்தேகித்துப் பிறகு நம்புகிறவள். திரும்பி வந்த கணவன், அந்த மருத்துவர்மீது பொய்ப் பழி சுமத்தும் காகிதத்தில் அவளுடைய கைநாட்டை வாங்கிவிடுகிறான். எழுத்தறியாத பெண்ணின் பெருவிரல் அவளுக்கே பகையாவதை இதைவிட அடக்கமாக யார் காட்டியிருக்கிறார்கள்? படப்பிடிப்பைக் காண வந்த சிலர், கிராமப் பெண்களோடு உட்கார்ந்திருந்த ஸ்மிதாவைக் கண்டுகொள்ளாமல், கதாநாயகி எங்கே என்று கேட்டார்கள் என்றொரு செய்தி சொல்லப்படுவதுண்டு. நடிகைக்கு அதனினும் உயர்ந்த பாராட்டுப் பத்திரம் தேவையில்லை.

1977-இல் 'பூமிகா' வெளிவந்தது. மராத்தித் திரைப்படங்களில் புகழ் பெற்றிருந்த ஹன்சா வாட்கர் என்ற நடிகையின் சுயசரிதையை ஆதாரமாகக் கொண்ட படம் அது. சம்பாதிக்கும் பெண்ணை வைத்துக் குடும்பம் பிழைக்கிறது. அவள் ஈட்டிய பணத்தில் வாழும் கணவனே அவளைச் சந்தேகிக்கிறான். புகலிடம் தேடி அவள் போகும் ஒவ்வொரு வாசலும் மற்றொரு சிறைக் கதவாகிறது. இளமை தொட்டு நடுவயது வரையில் அந்தப் பெண்ணை நடித்துக் காட்டிய ஸ்மிதாவுக்கு அப்போது வயது இருபத்திரண்டுக்கு மேலில்லை. அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அவரைத் தேடி வந்தது. முதலில் கிடைத்த அந்த விருதுப் பணத்தை அவர் தருமத்துக்குக் கொடுத்துவிட்டார் என்பர்.

ஊரை விட்டு வந்தோர் கதை

நம் சங்கத்து அன்பர்கள் அவசியம் பார்க்க வேண்டியது 1978-இல் முசாபர் அலி எடுத்த 'கமன்' என்ற படம். புறப்பாடு என்று பெயர். லக்னௌ பக்கத்துக் கிராமத்தினன் ஒருவன் பம்பாய்க்கு வந்து டாக்ஸி ஓட்டுகிறான். நோயாளித் தாயும் இளம் மனைவியும் ஊரில் இருக்கிறார்கள். அந்த மனைவி கைருன்தான் ஸ்மிதா. அவளுக்குப் பேச்சு அதிகமில்லை. கடிதத்தை எதிர்பார்ப்பதும், வாசலைப் பார்ப்பதும், மாமியாருக்குப் பணிவிடை செய்வதுமே அவள் வாழ்வு. படத்தின் முடிவில் கணவன் ஊருக்குப் போக எண்ணி ரயில் நிலையம் வரையில் வருகிறான். சேர்த்த பணத்தில் பெரும்பகுதி பயணத்துக்கே போய்விடும் என்று கணக்குப் பார்த்து, ஏறாமல் நின்று விடுகிறான்.

டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்கு உட்புறம் உட்கார்ந்து உத்தியோகம் பார்ப்பவன் நான். நெல்லைக்கும் சேலத்துக்கும் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்து, மடியிலிருந்த பணத்தை இருமுறை எண்ணிப் பார்த்து, அடுத்த பொங்கலுக்குப் போகலாம் என்று தமக்குள் சொல்லிக்கொண்டு வரிசையை விட்டு விலகிப் போகிறவர்களை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அவர்களுடைய முகம்தான் எனக்குத் தெரியும். இவர்களுக்காகக் காத்திருக்கும் முகம் எப்படியிருக்கும் என்பதை ஸ்மிதாவின் கைருனிடம்தான் கண்டேன்.

ரவீந்திர தர்மராஜ் இயக்கிய 'சக்ரா' இதன் மறுபக்கம். ஊரை விட்டு ஓடி வந்து பம்பாய்க் குடிசைப் பகுதியில் ஒண்டிய அம்மா என்ற பெண்ணாக அதில் ஸ்மிதா நடித்தார். ஜெயவந்த் தள்வியின் மராத்தி நாவல் இப்படத்துக்கு மூலம். சாக்கடை ஓரத்தில் தகரக் கூரையின்கீழ் ஒருத்தி தன் மகனை ஆளாக்கப் படும் பாடு அது. இறுதியில் அந்தக் குடிசைகளும் இடித்துத் தள்ளப்படுகின்றன. தாராவியில் முதல் தலைமுறைத் தமிழர் பட்ட பாட்டைப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டவர்களுக்கு இப்படம் அந்நியமாகத் தோன்றாது. இதற்காக ஸ்மிதாவுக்கு இரண்டாம் முறையாகத் தேசிய விருது கிடைத்தது. 1981-இல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில் படத்துக்குத் தங்கச் சிறுத்தை விருதும் கிட்டியது. ஆனால் ஒன்று: குடிசைப் பெண் திறந்த வெளியில் குளிக்கும் காட்சியையே எடுத்து விளம்பரமாக ஒட்டினார்கள். படம் ஏழையின் மானத்தைப் பற்றியது. சுவரொட்டியோ அதை விலை பேசிற்று. சிறுபடமாயினும் சந்தைக்கு வந்தபின் சந்தையின் புத்தி அதைத் தொடாமல் விடுவதில்லை.

பல மொழிகளில் ஒரு குரல்

மராத்தி, இந்தி ஆகியவற்றோடு அவர் நின்றுவிடவில்லை. வங்காளியில் மிருணாள் சென்னின் 'அகாலேர் சந்தானே' (1980) என்ற படத்தில் நடித்தார். 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தைப் படமெடுக்க ஒரு கிராமத்துக்குச் செல்லும் குழுவின் கதை அது. அதில் ஸ்மிதா, ஸ்மிதா என்ற நடிகையாகவே வருகிறார். பெர்லின் விழாவில் 1981-இல் அது வெள்ளிக் கரடி விருது பெற்றது. குஜராத்தியில் கேதன் மேத்தாவின் 'பவனி பவாய்', தொலைக்காட்சிக்காகச் சத்தியஜித் ராய் எடுத்த பிரேம்சந்தின் 'சத்கதி' என்று பட்டியல் நீளும். கன்னடத்திலும் தெலுங்கிலும்கூட அவர் நடித்தார்.

நமக்கு நெருக்கமானது 1985-இல் ஜி. அரவிந்தன் மலையாளத்தில் எடுத்த 'சிதம்பரம்'. மூணாறை அடுத்த மாட்டுப்பட்டி மாட்டுப் பண்ணையில் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளி முனியாண்டி, ஊருக்குப் போய் மணம் முடித்துக்கொண்டு வரும் மனைவி சிவகாமி இவர்தான். மலையும் மூடுபனியும் புதிதாய்க் காணும் ஒரு நாட்டுப்புறத் தமிழ்ப் பெண்ணின் வியப்பை அவர் கண்களிலேயே காட்டினார். பண்ணை அதிகாரியின் மோகம் அக்குடும்பத்தைக் குலைக்கிறது. குற்ற உணர்வுடன் ஊர் ஊராய்த் திரியும் அம்மனிதன் தில்லைக் கோயிலுக்கு வருகிறான். அங்கே செருப்புகளைக் காவல் காக்கும் பெண்ணாக அமர்ந்திருப்பவள் அந்தச் சிவகாமியே! இப்படம் அவ்வாண்டின் சிறந்த திரைப்படம் என்ற தேசிய விருதைப் பெற்றது.

வாசற்படியைத் தாண்டிய பெண்

அவருடைய படங்களுள் குடும்பங்களில் வாதத்தைக் கிளப்பியது ஜப்பார் பட்டேலின் 'உம்பரட்டா' (1982). வாசற்படி என்று பொருள். சுலபா என்ற படித்த பெண், கணவன் வக்கீல், மாமியார் பொதுத்தொண்டில் பெயர் பெற்றவர், சிறு மகளும் உண்டு. குறையொன்றும் இல்லாத அந்த வீட்டை விட்டு, தொலைவிலுள்ள பெண்கள் சீர்திருத்த இல்லத்தின் மேற்பார்வையாளராக அவள் வேலைக்குப் போகிறாள். அங்கே ஊழலோடு போராடித் தோற்றுத் திரும்புகையில், வீட்டில் அவள் இடம் வேறொருத்தியிடம் போயிருக்கிறது. கணவன் அதை மறைக்கவில்லை, பொறுத்துக்கொள் என்கிறான். அவள் பொறுக்கவில்லை, ரயிலேறிப் போய்விடுகிறாள்.

மகளை விட்டுச் சென்றது தவறு என்பார் உண்டு. கணவன் வெளியூரில் வேலை பார்த்தால் யாரும் கேள்வி கேட்பதில்லையே என்பாரும் உண்டு. நம் குடும்பங்களையே எண்ணிப் பார்ப்போம். எங்களைப் போன்றோருக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. பெட்டி படுக்கையைக் கட்டுகிறோம். பள்ளிக்கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்த்த மனைவி ராஜிநாமாக் கடிதம் எழுதுகிறாள். அவளுடைய அபிப்பிராயத்தை எத்தனை பேர் கேட்டோம்? குடும்பம் கலைய வேண்டும் என்று இப்படம் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமலே நடத்தும் குடும்பம் எவ்வளவு உறுதியானது என்று யோசிக்கச் சொல்கிறது. ஸ்மிதாவும் திரையில் மட்டும் பெண்ணுரிமை பேசியவரல்லர். பம்பாயில் பெண்களுக்கு உதவும் அமைப்பொன்றில் சேர்ந்து உழைத்தார்.

வர்த்தகப் படங்களும் விமர்சனங்களும்

1982 முதல் அவர் 'நமக் ஹலால்', 'சக்தி' முதலான பெரும்படங்களிலும் நடிக்கத் தொடங்கினார். கொள்கையை விட்டார் என்று சிலர் குறை கூறினர். அது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. சிறுபடங்களின் வருமானம் எவருக்கும் வாழ்க்கை நடத்தப் போதுவதில்லை. பெயர் பெற்ற முகம் இருந்தால்தான் சிறுபடங்களையும் விநியோகஸ்தர் ஏறிட்டுப் பார்க்கிறார்கள் என்ற நிலையும் இருந்தது. பெரும்படங்களில் ஆடிய அதே ஆண்டுகளில்தான் 'அர்த்', 'மண்டி', 'அர்த சத்யா' ஆகியவற்றிலும் நடித்தார். 1985-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. நடிகர் ராஜ் பப்பரை அவர் மணந்ததும், பப்பருக்கு ஏற்கெனவே குடும்பம் இருந்ததும் அக்காலப் பத்திரிகைகளில் பெரிதும் பேசப்பட்டன. அதை இங்கே விரித்துரைப்பதில் பயனில்லை.

அகாலத்தில் அணைந்த விளக்கு

1986-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத்தைத் தொடர்ந்து ஏற்பட்ட கோளாறுகளால் டிசம்பர் 13-ஆம் நாள் அவர் காலமானார். வயது முப்பத்தொன்று. பம்பாய் போன்ற மாநகரில், வைத்திய வசதிக்குக் குறைவில்லாத குடும்பத்தில் நிகழ்ந்த சாவு அது. இன்று நிலைமை வெகுவாகத் திருந்தியிருக்கிறது. ஆயினும் 2018-20 ஆண்டுகளுக்குரிய அரசுக் கணக்கின்படி, நம் நாட்டில் ஒரு லட்சம் குழந்தைகள் பிறக்கையில் 97 தாய்மார் இறந்தனர். தமிழ்நாட்டில் அது 54. பிள்ளை பிறந்துவிட்டது, ஆபத்து தீர்ந்தது என்று அசட்டையாக இருக்கலாகாது. முதல் சில வாரங்களில் காய்ச்சலோ உதிரப் போக்கோ கண்டால் கைவைத்தியத்தில் காலம் கடத்தாது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாய்வீடு ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்க, அண்டை வீட்டாரே துணையாக வாழும் நம் போன்ற குடும்பங்கள் இதை மறக்கலாகாது.

அவர் மறைந்த பின் 1987-இல் கேதன் மேத்தாவின் 'மிர்ச் மசாலா' வெளியாயிற்று. அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் உதவியால் உருவான படம் அது. வரி வசூலிக்க வந்த சுபேதாரின் ஆசைக்கு இணங்க மறுத்து மிளகாய் ஆலைக்குள் புகலடைந்த சோன்பாயாக ஸ்மிதா நிற்கிறார். அவளை ஒப்படைத்து ஊரைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் யோசிக்கிறார்கள். ஆலையில் வேலை செய்யும் பெண்களோ முடிவில் மிளகாய்ப் பொடியையே ஆயுதமாக்குகிறார்கள். கையில் அரிவாளுடன் கண் இமைக்காமல் நிற்கும் அவரைத் திரையில் கண்ட ரசிகர்கள், அந்த உயிர் இப்போது இல்லை என்பதை எப்படி நம்பியிருப்பார்கள்!

ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளில் எண்பது படங்கள். 2013-இல் இந்தியத் தபால் இலாகா அவர் உருவம் பொறித்த முத்திரையை வெளியிட்டது. நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஐந்து லட்சம் விவசாயிகளின் 'மந்தன்' புதுப்பொலிவுடன் பிரான்சு தேசத்துக் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. சிதைந்த படச்சுருளைச் செப்பனிடும் அந்த நுட்பமான வேலை நடந்த இடங்களுள் ஒன்று நம் சென்னை பிரசாத் நிறுவனத்தின் கூடம் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

சங்கத்து நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாக்களில் நாம் படம் காட்டுவது வழக்கம். இவ்வாண்டு 'மந்தன்' படத்தையோ 'கமன்' படத்தையோ, 'சிதம்பரம்' படத்தையோ திரையிடுவோமாக. மொழி புரியாதவர்களுக்கு முன்னதாகக் கதைச் சுருக்கத்தைத் தமிழில் எழுதித் தர நான் தயார். பெரியவர்கள் தங்கள் பெண் மக்களையும் அழைத்து வர வேண்டும். படம் முடிந்ததும் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். முதலில் அவர்கள் பேசட்டும்.